பழைய ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர்: எது மாறும், எது மாறாது

பழைய வைஃபை ரவுட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்துசேரும். அதில் வேறு ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் புதிது போல் ஓடும், வேகமும் எட்டும் தூரமும் கூடிவிடும் என்பார் ஒருவர். அதில் கைவைத்தால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும், பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான் என்பார் இன்னொருவர். இருவரும் தாங்கள் கேள்விப்பட்ட ஒரே ஒரு ரவுட்டரின் கதையை எல்லா ரவுட்டர்களுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். ஃபர்ம்வேர் என்பது எது, அது பெட்டிக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதை மாற்றும்போது எந்தப் பகுதி அழிந்து எந்தப் பகுதி தப்புகிறது என்பது தெரிந்துவிட்டால், இந்த இரண்டு பேச்சுகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை வாசகரே எடைபோட்டுக்கொள்ளலாம்.

ரவுட்டர் ஒரு சிறிய கணினி

விளக்குகள் மினுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும் அந்தப் பெட்டியைப் பலர் ஆன்டெனா போன்ற ஓர் எளிய கருவியாகவே நினைக்கிறார்கள். அது திரையும் விசைப்பலகையும் இல்லாத முழுமையான கணினி. அதற்குள் ஒரு செயலி இருக்கிறது. மின்சாரம் உள்ளவரை மட்டும் விவரங்களைத் தாங்கும் ரேம் இருக்கிறது. மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஃப்ளாஷ் நினைவகம் இருக்கிறது. இவற்றோடு, வைஃபை அலைகளை அனுப்பிப் பெறும் ரேடியோ சில்லும், கம்பி இணைப்புகளுக்கான துளைகளும் சேர்ந்துகொள்கின்றன.

இந்தக் கணினிக்கு உள்ள முதன்மையான வேலையைப் பெரிய அலுவலகத்தின் தபால் எழுத்தரின் வேலையோடு ஒப்பிடலாம். அலுவலகத்துக்கு வெளியுலகில் ஒரே முகவரிதான்; உள்ளே பலர் இருக்கிறார்கள். யார் எந்தக் கடிதத்தை அனுப்பினார் என்று எழுத்தர் ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வரும்போது பேரேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறார். ரவுட்டரும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே வெளிமுகவரிக்குள் அடக்கி, போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இப்படியே கணக்கு வைக்கிறது. பொட்டலம் என்பது, இணையத்தில் செல்லும் தரவைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி முகவரி ஒட்டிய ஒரு துண்டு. எழுத்தரின் பேரேடு ரேமில் இருக்கிறது. அதனால்தான் ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில கோளாறுகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன.

ஃபர்ம்வேர்: வீடும் குடியிருப்பவரும்

ஃபர்ம்வேர் என்பது ரவுட்டரின் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும் இயங்குதளமும் அதன் துணைநிரல்களும் சேர்ந்த ஒரே தொகுப்பு. கடவுச்சொல் கேட்கும் அமைப்புப் பக்கம், தீயரண், வைஃபை பெயரை ஒலிபரப்பும் நிரல் ஆகிய எல்லாமே அதற்குள் அடக்கம். வன்பொருளை ஒரு வீடாகவும் ஃபர்ம்வேரை அதில் குடியிருப்பவராகவும் எண்ணிக்கொள்ளலாம். குடியிருப்பவர் மாறினால் வீட்டின் ஒழுங்கு மாறும், கதவுகளின் பூட்டு மாறும், பழக்கவழக்கம் மாறும். அறையின் நீள அகலம் மட்டும் மாறவே மாறாது.

தயாரிப்பாளர் அல்லாத பிறர் எழுதி, தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ளக் கொடுக்கும் தொகுப்பைத்தான் வெளியார் ஃபர்ம்வேர் என்கிறோம். ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, ஃப்ரெஷ்டொமேட்டோ ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இவை மூன்றும் லினக்ஸ் என்ற திறந்த மூலநிரல் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டவை. தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேரும் பல நேரங்களில் லினக்ஸ்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் துறை பிறந்ததே அந்த ஒற்றுமையிலிருந்துதான்.

இது தொடங்கிய இடம்

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பதை 2003 இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் கரு, அதாவது அதன் மையநிரல், ஜிபிஎல் என்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகிறது. அந்த உரிமத்தின்படி, நிரலைக் கருவியில் வைத்து விநியோகிப்பவர் அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, கேட்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். எழுந்த கேள்விகளுக்குப் பின் அதே ஆண்டில் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004 இல் தொடங்கியது. இன்று அந்தப் பழைய ரவுட்டருக்கும் திட்டத்துக்கும் நடைமுறைத் தொடர்பு ஏதுமில்லை. பெயரிலுள்ள மூன்று எழுத்துகள் மட்டும் அந்தப் பிறப்பை இன்னமும் சுமந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்தான் இன்றைய வாசகருக்கு அதிகம் பயன்படும். 2005 இல் வந்த அதே மாடலின் ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் 4 மெகாபைட்டிலிருந்து 2 ஆகவும், ரேம் 16 மெகாபைட்டிலிருந்து 8 ஆகவும் குறைக்கப்பட்டன. லினக்ஸுக்குப் பதில் வேறோர் இயங்குதளம் வைக்கப்பட்டது. பெட்டியின் முகப்பில் பெயர் அதே பெயர். உள்ளே இருந்தது வேறு வீடு. பெயரை மட்டும் நம்பி ஃபர்ம்வேரைத் தேடக்கூடாது என்ற பாடத்தை இந்தத் துறை அன்றே கற்றுக்கொண்டது. லினக்ஸை விரும்புகிறவர்களுக்காகப் பழைய அளவு நினைவகத்தோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற தனி மாடலும் பிறகு விற்பனைக்கு வந்தது.

வேகம் கூடுமா?

ஃபர்ம்வேரை மாற்றியதால் 802.11என் என்ற பழைய வைஃபை தரத்து ரவுட்டர், அதற்கு அடுத்த தரமான 802.11ஏசி ஆகிவிடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள பெட்டிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் முளைக்காது. கம்பித் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட் தாங்குபவை என்றால், அவை என்றைக்கும் 100 மெகாபிட்தான். இவையெல்லாம் சுவரும் தூணும். குடியிருப்பவரின் விருப்பத்துக்கு வளைபவை அல்ல.

அலைபரப்பும் ஆற்றலை ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இப்படியே. ஆற்றலுக்கு ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமைப்பில் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அந்த வரம்பைக் கடைப்பிடிப்பதற்காகத்தான். சட்டத்தை விடுங்கள், அதனால் பயனும் குறைவு. வைஃபை என்பது இருவர் பேசிக்கொள்ளும் உரையாடல். ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், மறுமுனையில் இருக்கும் கைபேசியின் மெல்லிய குரல் அதற்குக் கேட்க வேண்டுமே! கைபேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரியும், பக்கம் மட்டும் திறக்காது.

சில ரவுட்டர்களில் வேகம் குறையவே கூடும். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர், தபால் எழுத்தரின் பேரேட்டு வேலையைச் செயலியிடம் விடாமல் அதற்கென்றே உள்ள ஒரு தனிச் சுற்றுக்கு ஒப்படைத்திருக்கலாம். இதை வன்பொருள் முடுக்கம் என்பார்கள். வெளியார் ஃபர்ம்வேருக்கு அந்தச் சுற்றை இயக்கத் தெரியவில்லை என்றால் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழும். இணைய இணைப்பு நொடிக்குச் சில பத்து மெகாபிட் என்றால் வித்தியாசம் தெரியாது. பல நூறு மெகாபிட் இணைப்பில் பழைய செயலி திணறுவது கண்கூடாகத் தெரியும்.

அப்படியானால் "மாற்றியபின் நன்றாக ஓடுகிறது" என்று சொல்பவர்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்கள் உணர்வது வேகம் கூடியதை அன்று, காத்திருப்பு குறைந்ததை. ஒருவர் பெரிய காணொளிக் கோப்பைப் பதிவேற்றத் தொடங்கியதும் அதே வீட்டில் இன்னொருவரின் அழைப்பு விட்டுவிட்டுக் கேட்கிறதல்லவா? ஒரே வரிசை உள்ள சீட்டுக் கவுண்டரில், நூறு சீட்டு வாங்குபவருக்குப் பின்னால் ஒரே ஒரு சீட்டுக்காரர் நிற்கும் நிலை அது. அனுப்பக் காத்திருக்கும் பொட்டலங்கள் இப்படி அளவுக்கு மீறித் தேங்குவதை பஃபர்ப்ளோட் என்கிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கும் எஃப்க்யூ-கோடெல், கேக் போன்ற வரிசை மேலாண்மை முறைகள் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, சிறிய வேலைக்காரரை முன்னே விட்டு, நெடுநேரம் தேங்குபவற்றைக் களைகின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. தேக்கம் இணைய நிறுவனத்தின் மோடத்தில் ஏற்படாமல் நம் ரவுட்டரிலேயே ஏற்பட்டால்தான் ரவுட்டரால் அதை ஒழுங்குபடுத்த முடியும். ஆகவே இணைப்பின் வேகத்தை உண்மையான அளவில் 85 முதல் 95 விழுக்காடு வரை என்று வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்க வேண்டும். உச்ச வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, தடுமாற்றமில்லாத இணைப்பை வாங்கிக்கொள்கிறோம். வேகம் அளக்கும் பக்கத்தை மட்டுமே பார்ப்பவருக்கு இது நட்டமாகத் தோன்றும்; நாள்தோறும் காணொளி அழைப்பில் பேசுபவருக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை.

சுருங்கச் சொன்னால், ரேடியோவும் துளைகளும் பழையபடியே இருக்கும். அவற்றின் வழியே போகும் நெரிசலை நடத்தும் முறைதான் மாறும்.

மாற்றுவதற்கான வலுவான காரணம்

என் பார்வையில் வேகமோ கூடுதல் வசதியோ அவ்வளவு பெரிய காரணங்கள் அல்ல. தயாரிப்பாளர் ஒரு மாடலைச் சில ஆண்டுகளுக்குப் பின் கைவிட்டுவிடுகிறார். அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. ரவுட்டரோ இரவும் பகலும் இணையத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கும் கருவி. 2018 மே மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்திருந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றில் பல, ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளைக் கொண்டிருந்தவை. தொடர்ந்து பராமரிக்கப்படும் வெளியார் ஃபர்ம்வேர், கைவிடப்பட்ட வன்பொருளுக்கு இன்னும் சில ஆண்டுகள் திருத்தங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

"தொடர்ந்து பராமரிக்கப்படும்" என்ற சொற்களை வாசகர் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். வெளியார் ஃபர்ம்வேர் என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. பல ஆண்டுகளுக்குமுன் வெளியான ஒரு பதிப்பை ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிட்டால், ஒரு கைவிடப்பட்ட ஃபர்ம்வேரைக் கொடுத்து இன்னொரு கைவிடப்பட்ட ஃபர்ம்வேரை வாங்கியதாகவே கணக்கு.

எந்த ரவுட்டருக்குப் பொருந்தும்?

நான்கு விவரங்களைப் பார்க்க வேண்டும்: மாடல் எண், வன்பொருள் பதிப்பு, நினைவகத்தின் அளவு, ரேடியோ சில்லின் தயாரிப்பாளர். முதல் இரண்டும் பெட்டியின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் இருக்கும். மற்ற இரண்டையும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தின் வன்பொருள் அட்டவணையில் தேடிக்கொள்ளலாம்.

வன்பொருள் பதிப்பு என்பது ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறுவேறு சில்லுகளோடு வெளியான தலைமுறைகளைக் குறிக்கும் எண். டிபி-லிங்க் என்ற ரவுட்டர் தயாரிப்பாளரின் டிஎல்-டபிள்யூஆர்841என் என்ற மாடல் பத்துக்கு மேற்பட்ட பதிப்புகளில் வந்திருக்கிறது; ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றொன்றுக்கு ஆகாது. நான் முதன்முறை ஒரு பழைய ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஒட்டுத்தாளின் மை தேய்ந்துபோய் 8 என்ற இலக்கம் 3 போலத் தெரிந்தது. மூன்றாம் பதிப்பின் கோப்பைப் பதிவிறக்கி ஏற்றப் பார்த்தேன். கோப்பு பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்லி அமைப்புப் பக்கம் மறுத்துவிட்டது. கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும் வன்பொருள் எண்ணை ரவுட்டர் சரிபார்க்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பெட்டி என்னைவிடக் கவனமாக இருந்தது. எல்லாப் பெட்டிகளும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது.

நினைவகத்தின் அளவில்தான் பழைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ரேமும் கொண்ட கருவிகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 வரிசையே கடைசி. அந்த வரிசைக்கும் 2022 இல் திருத்தங்கள் நின்றுபோயின. இன்றைய பதிப்புகளுக்கு 8 மெகாபைட் ஃப்ளாஷும் 64 மெகாபைட் ரேமும் ஒப்புக்குப் போதும். 16, 128 என்று இருந்தால் மூச்சுவிடலாம். டபிள்யூபிஏ3 என்ற புதிய மறையாக்க முறையைப் பழைய ரவுட்டரில் சேர்ப்பது பல நேரங்களில் நிரல் அளவிலேயே நடக்கக்கூடியது. ஆனால் அதற்குரிய தொகுப்பு பெரியது என்பதால் சிறிய ஃப்ளாஷில் அதற்கு இடம் இருக்காது.

ரேடியோ சில்லு யாருடையது என்பதும் முக்கியம். சில்லை இயக்கும் நிரலை டிரைவர் என்பார்கள். ஏத்தரோஸ், மீடியாடெக் சில்லுகள் பலவற்றுக்குத் திறந்த டிரைவர்கள் நல்ல நிலையில் இருப்பதால், அவை உள்ள ரவுட்டர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டியோடு நன்கு ஒத்துப்போகும். பிராட்காம் சில்லுகள் பலவற்றின் டிரைவர் மூடிய நிரல். அதைத் தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலேயே பயன்படுத்தும் ஃப்ரெஷ்டொமேட்டோவோ டிடி-டபிள்யூஆர்டியோ அங்கே பொருத்தமாக இருக்கும். "எது சிறந்த ஃபர்ம்வேர்" என்ற வாக்குவாதம் பாதிக்குமேல் வீணானது. கையிலுள்ள சில்லு எதை அனுமதிக்கிறதோ அதுவே விடை.

ஃப்ளாஷ் நினைவகத்தின் உள்ளே

ஃப்ளாஷ் நினைவகம் ஒரே பரப்பாகத் தெரிந்தாலும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் இருப்பது பூட்லோடர். மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்து, இயங்குதளத்தைத் தேடி எழுப்பிவிடும் மிகச் சிறிய நிரல் அது. நம் வீட்டு உவமையில் அதை வாசலில் இருக்கும் காவலாளி எனலாம். குடித்தனக்காரர் காலிசெய்துவிட்டுப் போனாலும் காவலாளி வாசலிலேயே இருப்பார். அடுத்து வருபவை லினக்ஸின் கருவும் கோப்புகளும். கடைசியில், அல்லது வேறோர் ஓரத்தில், அளவீட்டுப் பகுதி என்ற சிறு இடம் இருக்கும். தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் ரேடியோவைச் சோதித்து எழுதிய திருத்த எண்கள் அதில் இருக்கின்றன. ஒரே மாடலின் இரண்டு பெட்டிகளிலும் அவை வேறுவேறானவை. அது அழிந்தால் பிற பெட்டியிலிருந்து எடுத்து ஒட்ட முடியாது. வைஃபை தள்ளாடும் அல்லது எழவே எழாது.

ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலான கருவிகளில் தன் கோப்புகளை இரண்டு அடுக்காக வைக்கிறது. கீழடுக்கு சுருக்கி எழுதப்பட்டது. படிக்க மட்டும் முடியும். மேலடுக்கில் நம் மாற்றங்கள் எழுதப்படுகின்றன. அச்சிட்ட பக்கத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து அதில் எழுதுவது போன்ற ஏற்பாடு இது. ரீசெட் பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் கண்ணாடித்தாள் துடைக்கப்படும். அச்சு அப்படியே இருக்கும். பலர் நினைப்பதுபோல் ரீசெட் செய்தால் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் திரும்பி வராது. அது ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது. புதிதாக ஏற்றிய வெளியார் ஃபர்ம்வேரின் முதல் நாள் நிலைதான் வரும்.

ஆக, காவலாளி, கரு, இரண்டு அடுக்குக் கோப்புகள், அளவீட்டுப் பகுதி ஆகியவை ஒரே சில்லில் அடுத்தடுத்து இருக்கின்றன. முறையாக ஏற்றும்போது நடுவில் உள்ளவை மட்டுமே மாறும். முதலிலும் ஓரத்திலும் உள்ளவற்றைத் தொடக்கூடாது.

ஏற்றும்போது நடப்பது

ஃபர்ம்வேரை ஃப்ளாஷில் எழுதுவதைப் பேச்சுவழக்கில் ஃப்ளாஷ் செய்வது என்கிறோம். ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் ஒரு கருவிக்குப் பெரும்பாலும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஃபேக்டரி என்று குறிக்கப்பட்டது, தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுவதற்கு உரியது. சிஸ்அப்கிரேட் என்பது, ஏற்கெனவே மாறிவிட்டவர் அடுத்த பதிப்புக்குப் போவதற்கு உரியது. இரண்டும் தலைப்பகுதியில் வேறுபடுகின்றன. மாற்றிக் கொடுத்தால் பொதுவாக ஏற்காது. பதிவிறக்கியதும் கோப்பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரு பிட் பிசகினாலும் முற்றிலும் வேறாகிவிடும் 64 இலக்கக் கைரேகை அது.

பிறகு கணினியை வலைக்கம்பியால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். வைஃபை வழியாக ஏற்றப் பார்ப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது. ஏற்றும் நடுவில் ரவுட்டர் வைஃபையை நிறுத்திவிடும். தயாரிப்பாளரின் அமைப்புப் பக்கத்தில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் இடத்தில் கோப்பைக் கொடுத்தால், ரவுட்டர் முதலில் அதை முழுவதுமாக ரேமில் வாங்கிச் சரிபார்க்கிறது. அதுவரை ஆபத்து ஏதுமில்லை. அடுத்து ஃப்ளாஷின் பழைய உள்ளடக்கத்தைக் கட்டம் கட்டமாக அழித்து, புதியதைக் கட்டம் கட்டமாக எழுதுகிறது. மின்சாரம் போகக்கூடாதது இந்தச் சில நிமிடங்களில்தான்.

இந்த நேரத்தில் விளக்குகள் காட்டும் வேடிக்கைக்கு மனம் தயாராக இருக்க வேண்டும். எல்லா விளக்கும் ஒருசேர அணையும். ஒன்று மட்டும் மெல்ல மினுக்கும். பிறகு எல்லாம் ஒருமுறை பளிச்சிட்டு மறுபடி அணையும். உலாவியில் ஏற்றப்பட்ட அளவைக் காட்டும் பட்டை நடுவில் உறைந்து நிற்கும். கை தானாக மின்செருகியை நோக்கிப் போகும். அதைப் பிடுங்குபவர்கள்தான் செங்கல் கதைகளின் நாயகர்கள். பத்து நிமிடம் வேறு வேலையைப் பார்த்துவிட்டு வருவதே நல்லது.

எழுதி முடித்து ரவுட்டர் மறுதொடக்கமானதும் ஓப்பன்டபிள்யூஆர்டி பொதுவாக 192.168.1.1 என்ற முகவரியில் கிடைக்கும். வைஃபை வரவில்லையே என்று பதறவேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளில் அது தொடக்கத்தில் வேண்டுமென்றே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். நிர்வாகிக்குக் கடவுச்சொல் இன்னும் இல்லாத நிலையில் வைஃபை திறந்து கிடப்பது ஆபத்து என்பதால் இந்த ஏற்பாடு. கடவுச்சொல்லை வைத்து, நாட்டைத் தேர்ந்தெடுத்து, மறையாக்கத்தை அமைத்து, அதன்பின் வைஃபையை இயக்க வேண்டும்.

செங்கல்லானால்

ஏற்றம் பிசகி ரவுட்டர் எதற்கும் பதிலளிக்காமல் போவதைப் பிரிக் ஆவது என்பார்கள். இந்த ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் கலந்துகிடக்கின்றன.

முதல் நிலையில் ஃபர்ம்வேர் நன்றாகவே இருக்கும். நாம் செய்த அமைப்பு தவறாகி, உள்ளே நுழைய வழியில்லாமல் போயிருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதற்கென ஃபெயில்சேஃப் என்ற காப்பு நிலை உண்டு. ரவுட்டர் விழிக்கும்போது விளக்கு மினுக்கும் அந்தச் சில நொடிகளில் பொத்தானை அழுத்தினால், மேலடுக்கைப் பொருட்படுத்தாமல் கீழடுக்கை மட்டும் கொண்டு எழும். பிழையை நீக்கிவிட்டு வெளியே வரலாம்.

இரண்டாம் நிலையில் ஃபர்ம்வேர் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும்; காவலாளியான பூட்லோடர் மட்டும் உயிரோடு இருப்பார். பல ரவுட்டர்களில் பூட்லோடருக்கு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை தெரியும். டிபி-லிங்க்கின் பல மாடல்களில் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைக் கொடுத்தால், பூட்லோடர் 192.168.0.66 என்ற முகவரியுள்ள கணினியைத் தேடி, அதனிடம் ஒரு குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைக் கேட்கும். நம் கணினிக்கு அந்த முகவரியையும் கோப்புக்கு அந்தப் பெயரையும் கொடுத்துக் காத்திருந்தால், கேட்டு வாங்கித் தானே எழுதிக்கொள்ளும். வேறு சில தயாரிப்பாளர்களின் ரவுட்டர்களில் திசை தலைகீழ். அங்கே பூட்லோடர் காத்திருக்கும், நாம் அனுப்ப வேண்டும். யார் கேட்பவர், யார் கொடுப்பவர் என்பது புரியாமல் மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு.

பூட்லோடருக்கு வலையே தெரியாது என்றால், பெட்டியைத் திறந்து உட்பலகையிலுள்ள தொடர் இணைப்பு முனைகளில் கம்பி இணைத்துப் பேச வேண்டியிருக்கும். அவை பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் கொடுத்தால் சில்லு கருகலாம். பற்றவைப்பு பழகாதவர் இங்கே நிறுத்திக்கொள்வது தவறில்லை.

பூட்லோடரே அழிந்துபோவதுதான் மூன்றாம் நிலை. அப்போது ஃப்ளாஷ் சில்லைத் தனிக் கருவியால் எழுத வேண்டும். இது அரிது, பெரும்பாலும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேருக்குத் திரும்பும் அவசரத்தில் நேர்வது. டிபி-லிங்க்கின் பழைய ஃபர்ம்வேர் கோப்புகள் சிலவற்றின் பெயரில் பூட் என்ற சொல் இருக்கும். அவற்றுக்குள் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுக்காமல் வெளியார் ஃபர்ம்வேரிலிருந்து நேராக எழுதினால் காவலாளியின் இடத்தில் வேறெதுவோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே, ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான்: தன் மாடலுக்கு மீட்கும் வழி எது, அதற்குத் திறக்க வேண்டியது உலாவியா, பெட்டியின் திருகா? ஏற்றிய கையோடு அளவீட்டுப் பகுதியையும் பூட்லோடரையும் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வெளியார் ஃபர்ம்வேர் இயங்கத் தொடங்கிவிட்டால் அது சில நிமிட வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த ரவுட்டரில் வேறு நிரலை ஓட்டுவதும், ரேடியோவின் வரம்பை மீறுவதும் தனித்தனிச் செயல்கள். இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்பட்டதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. பயனர் நாட்டை மாற்றுவதன்மூலம் ஆற்றல் வரம்பைத் தாண்ட இடங்கொடுத்த ரவுட்டர்களை விற்றதற்காக, அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துடன் டிபி-லிங்க் 2016 இல் 2,00,000 டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதே உடன்பாட்டில், தன் ரவுட்டர்களில் வெளியார் ஃபர்ம்வேர் இயங்க வழிசெய்யத் திறந்த மூலநிரல் சமூகத்தோடு பணியாற்றவும் அது ஒப்புக்கொண்டது. ஆணையம் கேட்டது ரேடியோவுக்கான பூட்டு. இயங்குதளத்துக்கான பூட்டு அன்று. தயாரிப்பாளரின் உத்தரவாதம் வேறு விஷயம். வெளியார் ஃபர்ம்வேரை ஏற்றியபின் அதைக் கோர முடியாமல் போகலாம். பழைய ரவுட்டரில் அது ஏற்கெனவே முடிந்திருக்கும் என்பதால் இழப்பதற்கு அதிகமில்லை.

மாற்றாமல் விடவேண்டிய நேரம்

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில், குறிப்பாக மோடமும் ரவுட்டரும் ஒன்றாக இருப்பவற்றில், கைவைப்பதற்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும். பெட்டி நிறுவனத்தின் உடைமையாக இருக்கலாம். அதிலுள்ள மோடம் பகுதியைப் பல நேரங்களில் வெளியார் ஃபர்ம்வேருக்கு இயக்கத் தெரியாது. வீட்டில் உள்ள ஒரே ரவுட்டரில் முதல் முயற்சியைச் செய்வதும் கூடாது. பிசகினால் மீட்கும் வழியைத் தேட இணையம் வேண்டும். அந்த இணையத்தைக் கொடுப்பதே அந்தப் பெட்டிதான்.

நினைவகம் போதாத ரவுட்டரை இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் காவலுக்கு நிறுத்த வேண்டாம். பழுதான வலைக்கருவியைச் சோதித்துப் பார்க்கவோ, இணையத்தோடு தொடர்பில்லாத இரண்டு கணினிகளை இணைக்கவோ, ஃப்ளாஷ் செய்து பழகவோ அது போதும். பழகுவதற்கு அதைவிட நல்ல பெட்டி கிடைக்காது. செங்கல்லானாலும் அன்றைக்கு வீட்டில் யாருடைய அழைப்பும் அறுந்துபோகாது.